வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

விருதுநகர், சிவகாசி கல்லூரிகளில் உயிரியல் சொல்லித் தருபவர்களின் பாடு

விருதுநகர் மண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பாரா அண்ணாச்சி?

மாட்டார். முதலில் மூட்டை பிரிக்க வேண்டும். எடை போட வேண்டும். வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்த உடனே என்ன ரகம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதுவரை அண்ணாச்சி பக்கத்திலேயே இருப்பார். திட்டுவார். அந்தத் திட்டுதான் பாடம்!

சிவகாசிப் பக்கம் போனால் விஷயம் இன்னும் கண்டிப்பு. பட்டாசு ஆலையில் போர்மேன் பார்வையில் இல்லாமல் மணி மருந்து கலக்கக் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேலையில் மட்டும் முதல் நாளே கல்லாச் சாவியைக் கையில் கொடுத்து விடுகிறார்கள். அதுதான் கல்லூரி ஆசிரியர் வேலை.

நாளைக்கு பர்ஸ்ட் அவர்!

பள்ளிக்கூட வாத்தியாருக்காவது பி.எட். என்று ஒன்று உண்டு. நாலு வகுப்பு நடத்திப் பழகிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார். கல்லூரி ஆசிரியருக்கு அது கிடையாது. எம்.எஸ்சி. படித்து, 'நெட்' அல்லது 'செட்' தேர்வில் தேறியிருந்தால், இல்லை பி.எச்டி. வாங்கியிருந்தால் போதும். சேர்ந்த மறுநாளே "பர்ஸ்ட் அவர் நீங்க போங்க" என்று வருகைப் பதிவேட்டைக் கொடுத்து விடுவார்கள். எதிரே ஒரு வகுப்பு நிறைய மாணவ-மாணவிகள். அதில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்து வந்த கிராமத்துப் பிள்ளைகள். இவரோ தான் கல்லூரியில் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வேர்த்துப் போய் நிற்பார்.

தமிழ், கணக்கு என்றால்கூட எப்படியோ சமாளித்துக் கொள்ளலாம். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் என்றால் கஷ்டம் இரட்டிப்பு. இந்தப் பாடங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

2020-ல் கொரோனா வந்தபோது மூக்குக்குள் குச்சி விட்டு 'ஆர்.டி.பி.சி.ஆர்.' சோதனை எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடிப்படையான பி.சி.ஆர். முறையை அமெரிக்காவின் காரி முல்லிஸ் கண்டுபிடித்தது 1983-ல். 1993-ல் அவருக்கு நோபல் பரிசு. அப்படியானால் 1980-ல் எம்.எஸ்சி. முடித்து வேலைக்கு வந்தவர் படித்த காலத்தில் இந்த முறை உலகத்திலேயே இல்லை! ஆனால் ஓய்வு பெறுவதற்குள் அதை அவர் கரும்பலகையில் எழுதி விளக்கியாக வேண்டும். யாரிடம் போய்க் கற்றுக் கொள்வார்?

தவளை விஷயமும் அப்படித்தான். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி ஊசி குத்தி வைத்து அறுப்பதுதான் அந்தக் கால விலங்கியல். இதைப் படிப்படியாகக் குறைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் சொன்னது. 2014-ல் அடியோடு நிறுத்தச் சொல்லி விட்டது. உயிர்களுக்கு நல்ல காலம்! சந்தோஷம்தான். ஆனால் 20 வருஷம் கத்திரி பிடித்த கை, திடீரென்று கம்ப்யூட்டர் படத்தை வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்றால்?

வவ்வால் குகை

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய் மாதக்கணக்கில் தங்கி தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே அய்ய நாடார் 1963-ல் ஆரம்பித்ததுதான் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. அதற்கு முன்பே விருதுநகரில் 1947-ல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-ல் பெண்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரியும் வந்து விட்டன.

இந்தக் கல்லூரி ஆசிரியர்களுக்குக் 'கல்கத்தா'வாக இருந்தது மதுரைதான். 1966-ல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம், 1978-ல் நம் விருதுநகர்க்காரரான காமராசரின் பெயரைப் பெற்றது. கல்லூரி ஆசிரியர் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து ஆராய்ச்சி செய்யவும், அவர் இடத்தில் மாற்று ஆள் போடவும் மானியக் குழு ஒரு திட்டம் வைத்திருந்தது. அப்படிப் போனவர் பட்டத்தோடு திரும்புவார். அதைவிடப் பெரிய லாபம், 'கேட்க ஒரு ஆள்' கிடைத்து விடுவதுதான்.

அந்தப் பல்கலைக்கழக உயிரியல் துறையில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி ஜெர்மனியில் ஆராய்ந்து விட்டு வந்தவர். இங்கே வந்து பெரிய மெஷின் எதையும் தேடவில்லை. இருட்டுக் குகைகளையும் அவற்றில் வாழும் வவ்வால்களையும் பிடித்துக் கொண்டார். அவரிடம் பயின்ற ஜி.மாரிமுத்துவும் பின்னாளில் அங்கேயே பேராசிரியரானார்.

அவர்கள் குழு 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வவ்வாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வவ்வால்கள் மாலையில் கிளம்புகின்றன, இரை தேடிவிட்டுத் திரும்புகின்றன. கூண்டு வவ்வால் வானத்தையே பார்க்கவில்லை. ஆனாலும் மற்றவை கிளம்பும் நேரத்துக்கு இதுவும் சிறகடித்தது! அதே இன வவ்வாலை வேறு வவ்வாலே இல்லாத குகையில் தனியே வைத்தார்கள். அதன் கடிகாரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்விட்டது.

வவ்வாலை வாத்தியாரோடு ஒப்பிடுவதா என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். தனியாக விடப்பட்ட இளம் ஆசிரியர் பத்து வருஷம் கழித்து எந்த நேரத்தில் நிற்பார் என்று யோசித்தால் எனக்கு அந்தக் குகைதான் ஞாபகம் வருகிறது.

போர்டு மாறியது

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1986 கல்விக் கொள்கைக்குப் பின்னால் 'அகாடமிக் ஸ்டாப் காலேஜ்' என்று பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் வந்தன. மதுரையிலும் ஒன்று அமைந்தது. அப்போது புதியவர்களுக்கு 4 வாரம், அனுபவஸ்தர்களுக்கு 3 வாரம் பயிற்சி இருந்தது. 2015-ல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாற்றினார்கள். 2023-ல் மாளவியா பெயரை வைத்தார்கள்.

போர்டுக்குப் பெயிண்ட் அடித்தவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியருக்கு? பதவி உயர்வுக்கு இந்தப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். அதனால் பயிற்சி எப்போது தேவையோ அப்போது போவதில்லை. உயர்வு நெருங்கும்போது போகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஆள் தடுமாறுகிற காலம், பெரும்பாலும் அப்படியே கடந்து விடுகிறது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பினால் மறுபடியும் தனி ஆள்தான்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. பல உதவி பெறும் கல்லூரிகளில் நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற புதுப் பாடங்கள் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கின்றன. அரசு விதிப்படி உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.57 ஆயிரத்து 700. சுயநிதிப் பிரிவில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்க்கவே முடியாது. சம்பளத்தோடு நீண்ட விடுப்பு, மாற்று ஆள் என்பதெல்லாம் நிரந்தர ஆசிரியரை மனதில் வைத்துப் போட்ட விதிகள். ஆக, வேகமாக மாறும் பாடத்தை நடத்துபவருக்குத்தான் கற்றுக்கொள்ளும் வழி ரொம்பக் குறைவு! மாணவர் குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பதும் இவர் வேலைதான்.

ஓய்வு பெற்றவர்கள் எங்கே?

2020 தேசியக் கல்விக் கொள்கையைச் சுற்றித் தமிழகத்தில் எவ்வளவோ சண்டை. அந்தச் சண்டை இருக்கட்டும். அதில் ஒரு இடத்தில், ஓய்வு பெற்ற சிறந்த பேராசிரியர்களைக் கொண்டு கல்லூரி ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் இயக்கம் அமைப்போம், இந்திய மொழிகளில் சொல்லித் தரக்கூடியவர்களையும் சேர்ப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் 2022-ல் சோதனை ஓட்டம் தொடங்கியது பள்ளிகளில்தான்.

நம் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமா என்ன? விலங்கியலும் தாவரவியலும் முப்பது வருஷம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள் விருதுநகர், சிவகாசித் தெருக்களில் காலையில் நடைப்பயிற்சி போய்க் கொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரின் வகுப்பில் மாதம் ஒரு நாள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, முடிந்ததும் டீ குடித்துக் கொண்டே "அந்த இடத்துல படம் போட்டிருக்கலாமே தம்பி" என்று சொல்ல மாட்டேன் என்பார்களா? கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

வெளியே போய்க் கற்க விரும்பும் ஆசிரியருக்கு இன்னொரு வழி. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து கோடை விடுமுறை ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. மாணவர்களோடு ஆசிரியர்களும் மனுப் போடலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கூடவே இருந்து வேலை பார்க்கலாம். அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். கோடை லீவு என்பதால் வகுப்புக்கும் பழுதில்லை. மனுவில் கையெழுத்துப் போட வேண்டியது முதல்வர்.