உங்கள் பருத்திச் சட்டை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது, தெரியுமா?

கல்லூரி உயிரியல் புத்தகத்தைத் திறந்ததும் முதல் பாடத்தில் ஒரு பட்டியல் வரும். உயிருள்ளவை செல்லால் ஆனவை, வளர்சிதை மாற்றம் நடத்துபவை, உடலின் சமநிலையைக் காப்பவை, தூண்டலுக்குத் துலங்குபவை, வளர்பவை, இனம் பெருக்குபவை, தலைமுறை தலைமுறையாக மாறி வருபவை. மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோகிற ஏழு வரிகள். அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மியான்மரின் யாங்கோன் நகருக்கு மேற்கே ஆற்றுப் பாலத்தைக் கடந்து லைங் தாயாவுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் எழுந்து நடமாடும்!

வயலும் சதுப்புமாகக் கிடந்த இடம் அது. 1980களில் நகரியமாக உருவெடுத்து, 2014 கணக்கெடுப்பில் 6,87,867 பேருடன் மியான்மரிலேயே அதிக மக்கள் வாழும் நகரியமாக இருந்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைச் சூறையாடிய பிறகு, வீடும் நிலமும் இழந்த எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தன. அந்த டெல்டாக் கிராமத்துப் பெண்கள் பலர் இங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத் திருப்பூர் எப்படியோ, அவர்களுக்கு லைங் தாயா அப்படி.

அவர்கள் தைக்கும் துணியிலிருந்தே தொடங்கலாம். செல்லைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும் என்றுதானே படித்தோம்? 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்த பிறகுதானே ‘செல்’ என்ற பெயரே வந்தது? இப்போது பழைய பருத்தி வேட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். முறுக்குக்கு எதிராகத் திருப்பினால் நூல் பிரிந்து மெல்லிய இழைகளாக நிற்கும். அதில் அறுபடாத ஓர் இழையை வெளிச்சத்தில் பிடியுங்கள். நீங்கள் பிடித்திருப்பது ஒரே ஒரு செல்! பருத்தி விதையின் மேல்தோலில் இருந்த ஒற்றைச் செல் பூ மலர்ந்த நாளில் நீளத் தொடங்கி, ஏறக்குறைய மூன்றே வாரத்தில் 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்துவிடுகிறது. தன் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளம்! பிறகு உள்சுவரில் செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டு, காய் வெடிக்கும்போது செத்து உலர்கிறது. உலரும்போது தட்டையாகி நாடாபோல் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, நூலாக நூற்க முடிகிறது. மனித குலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உடுத்தி வருவது ஒரு செல்லின் மரணத்தைத்தான்!

சரி, லைங் தாயா ஆலையிலுள்ள தையல் மிஷினுக்கு உயிர் உண்டா? மின்சாரம் சாப்பிடுகிறது, சூடாகிறது, மிதித்தால் ஓடுகிறது. ஆனால் ஊசி உடைந்தால் தானாக முளைக்காது. இன்னொரு மிஷினைப் பெறவும் தெரியாது. அதன் முன்னால் இருக்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் சும்மா இருக்கும்போதே உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப்போல! ஆயிரம் பேர் உள்ள கூடத்தில் மனித உடல்களிலிருந்து மட்டும் 100 கிலோவாட். ஏப்ரல் வெயிலில் கூடமே கொதித்தாலும் அவள் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். வேர்வைதான் அந்த அதிசயத்தைச் செய்கிறது. ஆகவே அவளுக்குக் குடிதண்ணீரும் காற்றும் கிடைப்பது சலுகை அல்ல, உயிரியல் தேவை.

காலைப் பசிக்கு அங்கே மொஹிங்கா. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ்; கூடவே வாழைத்தண்டு. சென்னை பர்மா பஜாரில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசம் தெரியும். இந்த ஒரு கிண்ணத்தில் இரண்டு ஆச்சரியங்கள்! குழம்பில் போடும் கெளுத்தி, செவுளுக்கு மேலே மரக்கிளைபோல் ஓர் உறுப்பு வைத்துக்கொண்டு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். விராலும் மொஹிங்காவுக்குப் போவதுண்டு; அதன் கதை இன்னும் விசித்திரம். மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் வலைக்கடியில் அடைத்து வைத்தால், விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். நீரில் மூழ்கிச் சாகிற மீன்!

வாழையோ, ‘இனம் பெருக்குவது’ என்ற வரியையே அசைத்துப் பார்க்கிறது. நாம் சாப்பிடும் பழ வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை. அதனால் முளைக்கக்கூடிய விதை கிடையாது. பக்கக்கன்று மட்டும்தான், தாயின் அச்சு அசல் நகல்! ‘வாழையடி வாழையாக’ என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, குளோனிங்கை நம் மொழி எப்போதோ வாழ்த்தாக்கிவிட்டது.

வளர்ச்சிக்கு உதாரணம் வேண்டுமா? பர்மாவின் ஓடைகளை அடைத்த ஆகாயத்தாமரைக்கு எதிராக 1917இல் தனிச் சட்டமே வந்தது. ஒரு செடி வளர்கிறதே என்பதற்காகச் சட்டம்! துலங்கலுக்குப் படௌக் மரம். நம் வேங்கையின் நெருங்கிய உறவு. ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி முதல் மழை விழுந்ததும், ஊரிலுள்ள மரங்கள் சேர்ந்து மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும். ஒரே நாள்தான், மறுநாள் உதிர்ந்துவிடும். பெண்கள் அன்றே பறித்துத் தலையில் சூடிக்கொள்வார்கள்.

இனி வருவது கொஞ்சம் அச்சமூட்டும் அதிசயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தெரியுமா? தண்ணீர் டிரம்மின் உள்ளே, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கடுகைவிடச் சிறிய கருப்பு முட்டைகள். டிரம் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் அவை சாவதில்லை. அசைவில்லை, வளர்ச்சியில்லை; நம் பட்டியலின் பல வரிகளில் தோற்றுப்போகும் நிலை. ஆனால் மழை வந்து தண்ணீர் தொட்டதோ இல்லையோ, புழு வெளியே நெளியும்!

அந்தக் கொசு சுமக்கும் வைரஸுக்கோ செல்லே கிடையாது. ஏறக்குறைய 11,000 எழுத்து மரபுச் செய்தியும் 10 புரதங்களுமே அதன் மொத்தச் சொத்து. நம் மரபுச் செய்தியோ 300 கோடி எழுத்து. 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலை வைரஸை உப்புப்போல் படிகமாக்கிக் காட்டினார். படிகமாகக் கிடப்பதற்கு உயிர் உண்டா, இல்லையா? உயிரியல் அறிஞர்கள் இன்றும் ஒரே பதில் சொல்லவில்லை.

யாங்கோனானாலும் சென்னையானாலும் மழைக்காலம் டெங்குக் காலம். டிரம்மிலிருந்து தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தேங்காய் நாரை எடுத்து, டிரம்மின் உள்சுவரை விளிம்புவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, இறுக மூடி வையுங்கள்.