நாயின் எடையும் ஆயுளும்

வீட்டு நாய் கொழுகொழுவென்று இருந்தால், "நன்றாக வளர்க்கிறார்கள்" என்று அக்கம்பக்கத்தார் புகழ்வதுண்டு. விலா எலும்பு கையில் தட்டுப்பட்டாலோ, "சோறே போடுவதில்லையா?" என்று கேட்பார்கள். இவ்விரண்டில் எந்த நாய் நெடுநாள் வாழும்? இதற்கு விடை காணப் பல்லாண்டுகள் நீடித்த ஒரு சோதனை உண்டு.

48 குட்டிகள்

1987-ல் அமெரிக்காவில் விஞ்ஞானிகள் 48 லாப்ரடார் குட்டிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தனர். ஜோடியில் ஒன்றுக்குக் கிடைத்த உணவில் நான்கில் மூன்று பங்கே மற்றதற்குத் தரப்பட்டது. உணவு ஒன்றே, அளவுதான் வேறு. எட்டு வார வயதில் தொடங்கிய இந்த ஏற்பாடு அவற்றின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

முடிவு 2002-ல் வெளியாயிற்று. அதிகம் உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள். குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டுகள்! மூட்டு நோயும் இவற்றுக்குப் பிந்தியே வந்தது. இவை பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சத்துக் குறையாத உணவையே அளவோடு உண்டன.

கொழுப்பு செய்யும் கேடு

கூடுதல் எடையை நாயின் மூட்டுகள் இரவும் பகலும் சுமக்கின்றன. இன்னொரு கேடும் உண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. தோலடிக் கொழுப்போ கம்பளி போர்த்தியதுபோல் வெப்பத்தைத் தடுக்கிறது. கோடையில் பருத்த நாய் எளிதில் சோர்ந்துவிடுவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

உங்கள் நாய்க்கு எவ்வளவு உணவு வேண்டும்? எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதன் கனத்தைக் காணுங்கள். அதற்கு வர்க்கமூலம், அந்த விடைக்கு மீண்டும் வர்க்கமூலம். அதை 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு: 1000, 31.6, 5.62, பெருக்கினால் ஏறக்குறைய 394 கிலோகலோரி. ஒரு நாள் முழுவதும் சும்மா படுத்திருந்தாலும் தேவைப்படும் ஆற்றல் இது. 20 கிலோ நாய்க்கு இதேபோல் கணக்கிட்டால் 662 வரும். எடை இரட்டித்தாலும் தேவை இரட்டிக்கவில்லை!

கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த வீட்டு நாய்க்கு இதைப்போல் சுமார் 1.6 மடங்கு, அதாவது 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 630 போதும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கிலோகலோரி இருக்கிறது. வீட்டில் நால்வர் ஆளுக்கொன்று போட்டால் 100 ஆகிவிடும். அன்றாடம் 2,000 கிலோகலோரி தேவைப்படும் மனிதர் 13 பிஸ்கட்டுகளைக் கூடுதலாகத் தின்பதற்கு இது சமம்.

"பாவம், பசிக்கிறது!"

நாய் ஏக்கத்தோடு பார்ப்பதெல்லாம் பசியால் அல்ல. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியடங்கும் உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2016-ல் கண்டறிந்தனர். இத்தகைய நாய் உண்டபின்பும் உணவு தேடும். ஆகவே அளவை நாயின் கண்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தொட்டுப் பாருங்கள்

கை விரல்களை மடக்கி, முட்டிகளின் மேல் மறு கையால் தடவுங்கள். விலா அப்படித் துருத்தியிருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுங்கள். விலா அப்படி எலும்பே தெரியாமல் இருந்தால் பருத்திருக்கிறது. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்பு தெரியும். இதுவே சரியான நிலை.

எடை கூடியிருந்தால் திடீரென்று பட்டினி போடாதீர்கள். உணவை ஒரே கிண்ணத்தால் அளந்து போடுங்கள். தின்பண்டங்கள் அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தைராய்டு சுரப்பிக் குறைபாட்டாலும் எடை கூடலாம். எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். யார், எப்போது, என்ன போட்டார்கள் என்பதை ஒரு வாரம் குறித்து வைத்து, கூட்டிப் பாருங்கள். எடை எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.