பிள்ளைகளின் பற்சிகிச்சையும் மயக்க மருந்தும்

'பல் போனால் சொல் போகும்' என்பது நம் முன்னோர் வாக்கு. விழுந்து முளைக்கும் பாற்பல்தானே என்று நாம் பொருட்படுத்தாது விடும் சூத்தைப்பல், பிள்ளையை இரவிரவாக அழவைத்து, ஈற்றில் வைத்தியசாலைக் கட்டில்வரை கொண்டு சென்றுவிடுகின்றது. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் காரணங்களுள் பற்சூத்தை பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்கின்றது. அவ்வேளையில் பெற்றோரை அஞ்சவைப்பது 'மயக்க மருந்து' என்னும் சொல்லே. அதனை அறிந்துகொண்டால் அச்சம் குறையும்.

வலியின்றிப் பல் பிடுங்க முதலில் வழிகாட்டியோருள் ஒருவர் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ். 1844 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் 'சிரிப்பு வாயு' எனப்படும் நைதரசு ஒட்சைட்டைச் சுவாசித்து, அவர் தம் பல்லையே பிடுங்குவித்தார். அவ்வாயு இன்றும் பயன்படுகின்றது.

இன்று வழக்கிலுள்ள முறைகள் இரண்டு. முதலாவது, அமைதிப்படுத்தல். ஒட்சிசனுடன் கலந்த சிரிப்பு வாயுவை மூக்கின் மேல் வைக்கும் சிறு மூடியினூடாகப் பிள்ளை சுவாசிக்கும். பிள்ளை உறங்குவதில்லை, பேசினால் மறுமொழி கூறும், அச்சம் மட்டும் தணியும். வலி தெரியாதிருக்க முரசில் விறைப்பூசி தனியாக இடப்படும்.

இரண்டாவது, முழு மயக்கம். பிள்ளை மிகச் சிறியதாயினும், பல பற்களைப் பிடுங்க வேண்டியிருப்பினும் இது தேவைப்படலாம். பிள்ளையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் மயக்க மருந்து நிபுணர் இடைவிடாது கவனிப்பார். முன்னர் பல் வைத்தியரின் நாற்காலியிலேயே இம்மயக்கம் கொடுக்கப்பட்டதுண்டு. 2001 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பிரித்தானியாவில் தகுந்த அவசர வசதியுள்ள வைத்தியசாலைகளில் மட்டுமே அது அனுமதிக்கப்படுகின்றது. மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமோ என்று சிலர் வினவுவர். குழந்தைப் பருவத்தில் ஒருமுறை, ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட மயக்கம் பெற்றோரிடம் ஐந்து வயதில் எக்குறைபாடும் காணப்படவில்லை என 2019 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய்க்கு மொழியுதவி செய்ய வைத்தியசாலை சென்றிருந்தேன். ஐந்து வயது மகனுக்கு நான்கு பற்கள் பிடுங்க வேண்டியிருந்தது. கடைசியாக எப்போது உண்டான் என்று தாதி வினவினார். தாய் மெல்லிய குரலில், "விடிய ரெண்டு பிஸ்கட் குடுத்தனான் மாஸ்டர். பிள்ளையைப் பசியோட எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது? அதைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த நாள் அது. ஒரு கணம் தயங்கினேன். பின்னர் உள்ளதை உள்ளபடி கூறினேன். சிகிச்சை பிற்போடப்பட்டது. வீடு திரும்பும்வரை அத்தாய் என்னுடன் பேசவில்லை.

காரணம் இதுதான். மயக்கத்தில் இருமும் ஆற்றல் ஒடுங்கிவிடும். இரைப்பையில் உள்ள உணவு மேலெழுந்து நுரையீரலுள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பொதுவாக ஆறு மணித்தியாலம் உணவும் பாலும் கொடுத்தலாகாது. தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதை வைத்தியசாலை அறிவிக்கும். அச்சிறுவனுக்குப் பின்னொரு நாள் சிகிச்சை இனிதே நிறைவேறியது; அன்று மாலையே வீடு திரும்பினான்.

பெற்றோரே, தடிமன், காய்ச்சல், ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆடும் பல், குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த கோளாறு ஆகிய எதனையும் மறைக்காதீர்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவும் வேண்டாம்; அது பிள்ளை சுமக்கத்தக்க பாரமன்று. கேட்டால் வைத்தியசாலையே மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்யும்.

மாணவச் செல்வங்களே, இவை எதுவும் தேவைப்படாதிருக்கும் வழி உங்கள் கையிலேயே உள்ளது. படுக்குமுன் ஒரு தடவையும் பகலில் ஒரு தடவையும் புளோரைட்டு அடங்கிய பற்பசையால் பல் துலக்குங்கள். நுரையைத் துப்புங்கள், வாயைக் கொப்பளிக்காதீர்கள். துலக்கிய பின் இனிப்பைத் தொடாதீர்கள். பல்லைப் பேணுங்கள், சொல்லும் நிலைக்கும்.