அலுமினியக் கலப்புலோகங்களின் அகவமைப்பும் வலுவும்: ஒரு விளக்கம்

குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர்க்குப் படகே வழி. ஊர்காவற்றுறை முதலாகத் தீவகம் எங்கும் உப்புக்காற்று இரும்பைத் தின்பதை மக்கள் நன்கறிவர். ஆதலின் துருப்பிடியாத, பாரங்குறைந்த அலுமினியம் கடற்கலங்களுக்கு உகந்ததென விதந்துரைக்கப்படுவது இயல்பே. ஆயின் அலுமினியம் என்னும் ஒரு பெயருள் மாறுபட்ட இயல்புடைய பல உலோகங்கள் அடங்கியுள்ளன. அவ்வேறுபாட்டின் அடிப்படை யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

தூய அலுமினியம் மென்மையானது. அடுக்களைச் சட்டி கீழே விழுந்தால் நெளிகின்றது. உலோகத்துள் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளாய் அமைந்து நுண்ணிய பளிங்குமணிகளாகின்றன. அவ்வரிசைகளில் இயல்பாகவே உள்ள பிழைகள் விசை தாக்கும்போது நகர்கின்றன, அந்நகர்வே நெளிவு. எனவே உலோகத்தை வலுப்படுத்தல் என்பது அந்நகர்வுக்குத் தடை அமைத்தலேயாகும்.

1906இல் ஜேர்மனியரான அல்பிரெட் வில்ம், படைக்கலத் தேவைக்கான ஆய்வொன்றின்போது, ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு சேர்ந்த அலுமினியத்தைச் சூடாக்கி விரைந்து குளிர்வித்தார். சில நாட்களில் அது தானே கடினமுற்றது. காரணம் 1938இலேயே தெளிவாயிற்று. பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிறெஸ்ரனும் தனித்தனியே ஊடுகதிர்வழி ஆராய்ந்து, செம்பணுக்கள் நுண்திரள்களாய்க் கூடுவதைக் கண்டனர். அத்திரள்களே தடைகள். தூய அலுமினியம் நிலையாக நெளியத் தொடங்கும் தகைப்பு ஏறத்தாழ 35 மெகாபாஸ்கால். செம்பு சேர்ந்த வலிய வகைகளில் அது 300ஐயும் கடக்கும்.

ஆயினும் வலுவைத் தந்த செம்பே கடலில் கேடு விளைக்கின்றது. மணிகளின் எல்லைகளில் செம்பு மிக்க பகுதியும் குறைந்த பகுதியும் அடுத்தடுத்து அமையுமிடத்து, உப்புநீரில் மின்னிரசாயனத் தாக்கம் நிகழ்ந்து உலோகம் எல்லைவழியே அரிபடுகின்றது. ஆதலின் கடற்கலங்களுக்கு 4 முதல் 5 சதவீதம் மக்னீசியம் கொண்ட வகை விரும்பப்படுகின்றது. இதில் மக்னீசிய அணுக்கள் தனித்தனியே கலந்துநின்று தடையாகின்றன. குளிர்நிலையில் தகடாக உருட்டும் வேலையும் வலுவூட்டுகின்றது.

பழுதுபார்த்தலிலும் இவ்வுண்மை புலப்படும். வெப்பமுறையாற் கடினமாக்கிய தகட்டை உருக்கி ஒட்டும்போது, ஒட்டின் அருகே நுண்திரள்கள் பருத்தோ கரைந்தோ போகின்றன. வலு பாதியளவாகக் குறைதலும் உண்டு. புறத்தே ஒட்டு செம்மையாகவே தோன்றும்.

ஆக, உலோகத்தின் இயல்பை அதன் அகவமைப்பும், அவ்வமைப்பை உருவாக்கிய வெப்பம், உழைப்பு ஆகியவற்றின் வரலாறும் தீர்மானிக்கின்றன. இலக்கிய உருவத்தை அதன் தோற்றச்சூழலினின்று பிரித்து நோக்காத நமக்கு இது புதிதன்று. படைக்கலத்துக்காகத் தேடப்பட்ட இவ்வறிவு கடல் கடக்கும் மக்களின் பாதுகாப்புக்குப் பயன்பட வேண்டுமாயின், அது அவர்தம் மொழியில் அவர்களை எட்டவேண்டும். “அலுமினியமா?” என்பதோடு அமையாது, “எவ்வகை? எவ்வாறு பதப்படுத்தியது?” என்றும் படகு வாங்குவோர் வினவும் நிலை அப்போதே தோன்றும்.