பாறும் மேய்ப்பரும்

சடாயுவையும் சம்பாதியையும் அறியாதார் நம் இராமேசுவரக் கரையில் இலர். அக்கழுகரசர் இனத்தனவாகிய பாறுகளோ, இன்று தமிழகத்தில் பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே எஞ்சியுள்ளன. ஏனைய இடங்களில் அவை மறைந்தமைக்குக் காரணம் யாது?

பாறு, செத்த விலங்கைத் தின்று காட்டையும் ஊரையும் தூய்மை செய்யும் பறவை. மாட்டின் வலி தணிய இட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து அதன் ஊனில் தங்கி, அதனைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. இவ்வுண்மை 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதலைத் தடுத்தது. ஆயினும், சட்டம் தானே மாட்டுப்பட்டியினுள் நுழையாது. தீங்கற்ற மெலாக்சிகாமை இடுவதும், புலி அடித்த மாட்டின் உடலில் சினத்தால் நஞ்சு தடவாதிருப்பதும் மேய்ப்பர் கையிலேயே உள்ளன.

பிரான்சு நாட்டுச் செவென் மலைப்புறத்தில், அற்றொழிந்த பாறுகளை 1981 முதல் மீண்டும் விடுத்தனர். அங்கே மந்தையுடையார் இறந்த ஆடுகளை அவற்றுக்கு உணவாக வைக்கின்றனர். காண வருவோர்க்கு வழிகாட்டிகள் பறவையோடு மேய்ச்சல் வாழ்வையும் விளக்குகின்றனர்.

மோயாற்றங்கரை நீர்மருத மரங்களில் பாறுகள் கூடு கட்டுங்கால் மக்கள் நெருங்குதல் தகாது. ஆயின், தொலைவில் நின்று காட்டும் வழிகாட்டிகளாக அப்பகுதி மேய்ப்பரே அமைவராயின், அவர்க்கு ஊதியமும் பறவைக்குக் காவலும் ஒருங்கே வாய்க்கும். மந்தையோடு வாழ்வாரைப் புறக்கணிக்கும் காவல் நிலையாது என்பது, ஆட்டுக்கிடையோடு ஊர்தோறும் செல்லும் கீதாரிகளை அறிந்த நம் சீமையார்க்கு எளிதில் விளங்கும்.