விட்டுக்கொடுக்கலாகாதது எது?

கொள்கையில் உறுதி வேண்டும் என்பர் சான்றோர். வளைந்துகொடுத்து வாழ்தலும் அறிவுடைமையே என்பாரும் அவரே. இவ்விரண்டும் தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றும். எதில் உறுதியாக நிற்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்னும் வினா, பிறநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு நாள்தோறும் எழுகின்றது. இதற்கு விடை காண, நம்மைப் போலவே கடல் கடந்து வாழ்ந்த தென்னாபிரிக்க இந்தியரின் வரலாறு துணைபுரியும். அவ்வரலாற்றில் தமிழரின் பங்கு மிகப் பெரிது.

1906ஆம் ஆண்டு டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. எட்டு வயதைக் கடந்த ஆசியர் யாவரும் தம் பெயரைப் பதிவு செய்து, பத்து விரல்களின் கைரேகையும் அளித்துச் சான்றிதழ் பெறல் வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் அதனைக் காட்டல் வேண்டும். தவறினால் தண்டம், சிறை, நாடுகடத்தல். ஓர் இனத்தையே குற்றவாளிகளாக எண்ணும் இச்சட்டத்தை இந்தியர் எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி, இதற்கு அடிபணிவதில்லை என இறைவன்மேல் ஆணையிட்டனர். 1907இல் அது சட்டமாயிற்று. பதிய மறுத்த பலர், காந்தியடிகள் உள்ளிட்டோர், சிறை புகுந்தனர்.

1908 ஜனவரி இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமே முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்பதே காந்தியடிகள் அதிலிருந்து கொண்ட பொருள். அவர் இசைந்தார். கைரேகை வைப்பதா என்று சினந்த சிலர், பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு செய்யச் சென்ற அவரை வழியிலேயே தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடு, டிரான்ஸ்வால் தமிழரின் தலைவர்களுள் ஒருவர், தாமும் காயமுற்றார். படுக்கையில் கிடந்தவாறே காந்தியடிகள் கைரேகை அளித்தார்.

அவர் கொள்கையைக் கைவிட்டாரா? இல்லை என்பதே நம் கருத்து. கைரேகை அவருக்கு ஒரு செயல்முறை மட்டுமே. விருப்பத்தோடு அளிப்பது ஒருவரின் மதிப்பைக் குறைக்காது; இழிவுபடுத்தும் சட்டத்துக்கு அஞ்சி அளிப்பதே குறைக்கும். எனவேதான், சட்டம் நீக்கப்படாதபோது, அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், தாமே விரும்பிப் பெற்ற சான்றிதழ்களுள் 2,000க்கும் மேற்பட்டவற்றை இந்தியர் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் திடலில் தீயிலிட்டனர். செயல்முறையில் நெகிழ்ந்தவர்கள் தன்மதிப்பில் நெகிழவில்லை.

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. நாகப்பன் என்னும் தமிழ் இளைஞர் 1909ஆம் ஆண்டு கடுங்குளிர்க் காலத்தில் சிறையில் கடின வேலை செய்து, விடுதலையான சில நாள்களில், ஜூலை 6ஆம் நாள் உயிர் நீத்தார். 1913இல் கேப் நீதிமன்றம், கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் சட்டப்படி செல்லா எனத் தீர்ப்பளித்தபோது பெண்களும் போராட்டத்தில் இறங்கினர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் மறைந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் செல்லவும் ஆயத்தம் என அவர் விடையளித்தார்.

அவ்வாண்டு நிறைவேறிய சட்டம், ஒப்பந்தக் கூலி முடித்தோர் மீதிருந்த 3 பவுண் வரியை நீக்கி, இந்தியச் சமய முறைப்படி நடந்த ஒருதாரத் திருமணங்களையும் ஏற்றது. நிலவுரிமை, வணிக உரிமை போன்றவை கிட்டவில்லை. எனினும் போராட்டம் நிறுத்தப்பட்டது. அங்கும் விட்டுக்கொடுத்தல் இருந்தது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் சிறை செல்ல வேண்டிய நிலை இல்லை. ஆயினும் நெருக்குதல் உண்டு. வகுப்புத் தோழரைப் போல உடுத்துவதும், அவர் உண்பதைச் சுவைத்துப் பார்ப்பதும், அவர் மொழியில் அவரைப் போலவே பேசுவதும் இழுக்கல்ல. பிறரோடு சேர்ந்து ஒரு மாணவனை எள்ளி நகைப்பதும், தேர்வில் பார்த்து எழுதுவதும், நம் பெயரையும் பெற்றோரின் மொழியையும் கண்டு நாணுவதும் வேறு. அவற்றை எத்தகைய நட்புக்காகவும் செய்யலாகாது.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உடை, உணவு, தலைமயிர் யாவற்றையும் கொள்கை என்று நாம் வலியுறுத்தினால், உண்மையான கொள்கை எதுவென்று பிள்ளைகளுக்குத் தெரியாமற் போகும். சிறியவற்றில் நாம் நெகிழ்ந்தால்தான், பெரியவற்றில் நாம் ஏன் நெகிழ்வதில்லை என்பதை அவர்கள் உணர்வர். எவை எவை அப்பெரியவை என்பதை ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசித் தெளிவோமாக.