மறுபடியும் முதலிலிருந்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் கம்ப்யூட்டர் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் படமில்லை, வெறும் எழுத்து. "நாவலா?" என்றேன். "கேம்தான்ப்பா. நாமதான் ஹீரோ. அடுத்து என்ன செய்யணும்னு நாமே சொல்லணும்" என்றான். முப்பது வயதில் விளையாட்டா என்று கேட்க வாயெடுத்தவன், அரை மணி கழித்து அதே நாற்காலியில் இருந்தேன்.

வித்தை பழையதுதான். 1979-ல் எட்வர்ட் பக்கார்ட் எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' என்ற அமெரிக்கச் சிறுவர் புத்தகத்தில் 40 முடிவுகள். குகைக்குள் போனால் இந்தப் பக்கம், திரும்பினால் அந்தப் பக்கம். பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? 1986-ல் இன்ஃபோகாம் கம்பெனி, ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய 'லெதர் காடஸஸ் ஆஃப் ஃபோபோஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. சாது, கொஞ்சம் சில்மிஷம், முழுப் பச்சை என்று மூன்று நிலைகள். எது வேண்டுமென்று ஆடுபவரே சொல்லிக்கொள்ளலாம். ஆணா பெண்ணா என்று கேட்கக்கூட மாட்டார்கள். தொடக்கத்தில் இரண்டு கழிவறைகள். எதற்குள் நுழைகிறீர்களோ அதுவே பதில்!

கிளைக் கதையில் ஒரு தொல்லை உண்டு. திருப்பத்துக்கு இரண்டே வழி என்றாலும் பத்தாவது திருப்பத்தில் 1,024 கதைகள், இருபதாவதில் 10,48,576. யார் எழுதி மாளுவது? ஆகவே, பிரிந்த கிளைகளைச் சற்று தூரத்தில் மறுபடி சேர்த்துவிடுகிறார்கள். நாம் செய்தது மட்டும் கணக்கில் ஏறிக்கொள்ளும். 'சாய்ஸ் ஆஃப் தி டிராகன்' விளையாட்டில் நாம்தான் டிராகன். மூர்க்கம் ஏறினால் நயம் இறங்கும். தந்திரம் ஏறினால் நாணயம் இறங்கும். மறுபடி ஆடும்போது தெருக்கள் பெரும்பாலும் அவையேதான், நடக்கிற ஆள்தான் வேறு. அலுக்காததன் ரகசியம் அது. கணக்கு வைக்காத விளையாட்டுகளும் உண்டு. 'இப்படியா, அப்படியா' என்று பவ்யமாகக் கேட்டுவிட்டு எதற்கும் ஒரே பதில் சொல்லும். இரண்டாம் முறை ஆடினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 1999-ல் இங்கிலாந்தின் சாம் பார்லோ எழுதிய 'ஐல்'. சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்தா அடுக்கின் முன் ஒருவன் தள்ளுவண்டியோடு நிற்கிறான். சற்றுத் தள்ளி ஒரு பெண். நாம் ஒரே ஒரு கட்டளை தட்டலாம். ஒரு பத்தி பதில் வரும், அத்தோடு கதை முடிந்தது. மறுபடி அதே அடுக்கு, அதே வண்டி. நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள். ஒன்றில் அவன் வெறுமனே சாமான் வாங்க வந்தவன். இன்னொன்றில் ரோம் நகரையும் கிளேர் என்ற பெண்ணையும் நினைத்து உருகுகிறான். அவள் இறந்துவிட்டாளா, பிரிந்து போனாளா என்பதும் கதைக்குக் கதை மாறும். எல்லாம் ஒரே மனிதனின் கதையல்ல என்று முதலிலேயே எச்சரித்துவிடுகிறார்கள். இங்கே விளையாட்டு எதையும் நினைவில் வைப்பதில்லை. அந்த வேலை நம்முடையது.

முப்பதாவது தடவை வாக்கில் அந்த ஆளை மறந்துவிட்டேன். 1984-ல் ஒரே வாரத்தில் திருச்சியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் எனக்கு வந்த இரண்டு வேலைக் கடிதங்கள்தான் கண்முன் நின்றன. எதைக் கிழித்தேன் என்பது இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா திருச்சியில்தான் இருந்தாள்.

மனைவி காப்பியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "பாவம், அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றாள்.

"நாலு தடவை பேசியாச்சு" என்றேன்.